இல்லமும் உள்ளமும்: படிக்கட்டின் கீழ் ஓர் அறை

ஆங்கில நாட்டுப் பத்திரிகைகளில் வரும் வீடு விற்பனை விளம்பரங்களை வாசிப்பதில் நமக்கு நெடுநாளாகவே ஒரு விருப்பம் உண்டு. வாங்கும் எண்ணமோ வசதியோ நமக்கு இல்லை என்பதை வாசகர்கள் அறிவர். ஆயினும் அவ்விளம்பரங்களின் நடை நம்மைக் கவர்கிறது. 'பழங்காலத்துப் பெரிய கிராமத்து இல்லம், துணைக்கட்டடம் உண்டு, முதிர்ந்த தோட்டங்கள் சூழ்ந்தது' என்று இரண்டே வரிகளில் ஒரு வாழ்க்கையையே நம் கண்முன் நிறுத்திவிடுகின்றனர்.

'பழங்காலத்து' என்றால் எலிசபெத்து அரசியார் காலமோ, ஜார்ஜ் மன்னர்கள் காலமோ, விக்டோரியா அரசியார் காலமோ ஆக இருக்கலாம். கருத்த மர உத்திரங்களும் அகன்ற கணப்படுப்புகளும் இருக்கும் என்பது பொருள். துணைக்கட்டடம் என்பது பெரும்பாலும் வயது முதிர்ந்த பெற்றோருக்கென ஒதுக்கப்படுவது. ஒரே வளாகத்தில், ஆனால் தனி வாசலோடு இருப்பது. 'முதிர்ந்த தோட்டம்' என்னும் சொல்லே நமக்கு மிகவும் பிடித்தது. யூ என்னும் மரத்தைக் கொண்டு அந்நாட்டார் அமைக்கும் உயர்ந்த வேலி மெல்ல மெல்லத்தான் வளரும். இன்று நடுகிறவர் அதன் முழு அழகைக் காண்பதற்கு நீண்ட ஆயுள் வேண்டும். ஆகவே முதிர்ந்த தோட்டத்தை விலைக்கு வாங்குகிறவர், முன்னே வாழ்ந்த யாரோ ஒருவருடைய பொறுமையையும் சேர்த்தே வாங்குகிறார்.

அறைகள் எத்தனை, நிலம் எவ்வளவு என்று விளம்பரம் சொல்லும். அவ்வீட்டில் யார் பிறந்தார், யார் இறந்தார், யார் ஒளிந்திருந்தார் என்பதை அது சொல்லாது. இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்ட வீடு 1923-ஆம் ஆண்டில் விலைபோன ஒன்று. அதற்கு ஒரு விளம்பரம் எழுதும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தால் நாம் திண்டாடியிருப்போம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஊஸ்டர்ஷயர் என்னும் மாவட்டம் உண்டு. அங்கே கிடர்மின்ஸ்டர் நகருக்குச் சில கல் தொலைவில் ஹார்விங்டன் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரில் நாற்புறமும் அகழி சூழ, சிவந்த செங்கற்களால் ஆன உயரமான மாளிகை ஒன்று நிற்கிறது. அகழியின் மேல் பாலம், பாலத்தைக் கடந்தால் முற்றம், வாற்கோதுமையை முளைக்கவைத்துப் பதப்படுத்தும் பழைய கொட்டில், அப்பால் தோட்டம். பழைய இடைக்கால வீடு ஒன்றை உள்ளடக்கி, ஹம்ப்ரி பாக்கிங்டன் என்னும் கத்தோலிக்கப் பெருமகனார் 1580-ஆம் ஆண்டுகளில் இதனை எழுப்பினார். கூடம், சமையற்கட்டு, மாடிகள், கணப்படுப்புகள் யாவும் அக்காலச் செல்வர் வீடுகளில் இருந்தவையே. இவற்றோடு ஏழு மறைவிடங்களும் இவ்வீட்டில் உண்டு. இங்கிலாந்தில் இன்று எஞ்சியுள்ள பழைய வீடுகளுள், குருக்களுக்கான மறைவிடங்கள் இத்தனை ஒருங்கே அமைந்த வீடு வேறில்லை என்பர்.

மறைவிடம் எதற்கு என்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். எலிசபெத்து அரசியாரின் ஆட்சியில், 1581-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசு ஏற்ற கோவிலுக்கு வராத கத்தோலிக்கர் மாதம் 20 பவுன் அபராதம் செலுத்த வேண்டும். அது ஒரு கொத்தனார் ஆண்டு முழுதும் உழைத்துப் பெறும் கூலியினும் மிகுதி. திருப்பலியில் பங்குகொண்டால் வேறு அபராதமும் சிறையும் உண்டு. 1585-இல் வந்த சட்டம் இன்னும் கொடிது. கடல் கடந்து சென்று குருப்பட்டம் பெற்றுவந்தவர் ஆங்கில மண்ணில் கால்வைப்பதே இராசத்துரோகம் என்றும், அவருக்கு அறிந்தே சோறும் உறைவிடமும் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்றும் அது விதித்தது. இதை எழுதும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன், கத்தோலிக்க அரசியான மேரியின் ஆட்சியில், புரொட்டஸ்தாந்து சகோதரர் ஏறத்தாழ 280 பேர் தீக்கிரையாக்கப்பட்டனர். வேத கலாபனை ஒரு தரப்பாருக்கு மட்டும் உரிய கதை அன்று.

இந்நிலையில் விசுவாசத்தைக் காப்பதற்குக் கோவில் இல்லை, பள்ளி இல்லை, பகிரங்கமாக ஒரு மணியோசை இல்லை. எஞ்சியிருந்தது வீடு ஒன்றே. மேல்மாடியில் ஒரு சிறு அறை கோவிலாகும். ஒரு மேசை பீடமாகும். வணிகரைப்போல் உடையணிந்து இரவில் வந்த விருந்தினர் விடியுமுன் திருப்பலி நிறைவேற்றுவார். பொழுது புலர்ந்ததும் அந்த அறை மறுபடி வெறும் அறையாகிவிடும். ஹார்விங்டனில் அப்படிப்பட்ட அறையின் தளப்பலகைகளுக்கு அடியில், பூசை உடைகளையும் பாத்திரங்களையும் வைப்பதற்கெனச் சிறு பொந்துகள் உள்ளன. அருகே இன்னொரு சிறு அறையின் சுவர்களில் சிவப்பும் வெள்ளையுமாகத் துளித்துளியாக வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது. அறியாதவர் பார்த்தால் அது ஓர் அலங்காரம். அறிந்தவர் பார்த்தால் ஆண்டவரின் விலாவிலிருந்து வழிந்த இரத்தமும் தண்ணீரும்.

ஆனால் இவ்வீடுகளில் நடந்தவற்றைக் குருக்களின் வீரமாக மட்டுமே எண்ணிவிடலாகாது. ஒரு குரு ஒளிந்திருக்க வேண்டுமானால் வீடு முழுதும் அதற்கு உடன்பட வேண்டும். 1591 அக்டோபரில், பக்கத்து மாவட்டமாகிய வாரிக்ஷயரில், பேட்ஸ்லி கிளின்டன் என்னும் இதே போன்ற அகழி வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே தங்கியிருந்த இயேசு சபைக் குரு ஜான் ஜெரார்டு பிற்காலத்தில் அதனை எழுதிவைத்தார். காலை ஐந்து மணிக்குத் தேடுதல் அலுவலர் வந்து கதவைத் தட்டினர். வேலையாட்கள் கதவைத் திறக்காமல் வாயிலிலேயே அவர்களைத் தாமதப்படுத்தினர். உள்ளே பீடத்தைக் கலைத்தாயிற்று, நூல்களை மறைத்தாயிற்று. படுக்கைகள்? குருக்கள் உறங்கி எழுந்த மெத்தைகள் இன்னும் சூடாக இருந்தன. தொட்டுப் பார்த்தால் ஆள் இருந்தது தெரிந்துவிடும். ஆகவே குளிர்ந்த பக்கம் மேலே வரும்படி மெத்தைகளைப் புரட்டிப் போட்டனர். பின்னர் குருக்கள் தரைக்கு அடியிலிருந்த மறைவிடத்தில் இறங்கி, கணுக்கால் நனையும் நீரில் நான்கு மணி நேரம் நின்றனர். மேலே அலுவலரை எதிர்கொண்டு பேசியவர்கள் அந்த வீட்டுப் பெண்கள்.

மெத்தையைப் புரட்டிப் போட வேண்டும் என்று அந்த நேரத்தில் எண்ணுவதற்கு எத்தகைய மனத்தெளிவு வேண்டும் என்று நாம் வியக்கிறோம். ஏட்டில் எழுதிப் படித்துக் கொடுக்கக்கூடிய பாடம் அன்று அது. விருந்தினருக்காக எடுத்துவைத்த கூடுதல் தட்டு, காயப்போட்ட கூடுதல் சட்டை, குதிரை இலாயத்தில் கூடுதலாகச் செலவான புல் ஆகிய எதுவும் காட்டிக்கொடுத்துவிடும். சமையற்காரி, குதிரைக்காரன், தோட்டக்காரன், வீட்டுக் குழந்தைகள் என ஒருவர் வாய் தவறினாலும் போதும். அப்படித் தவறியதும் உண்டு. 1594-இல் எசெக்ஸ் மாவட்டத்து வீடொன்றில் அதே ஜெரார்டு, கோவில் அறையின் கணப்படுப்புக்கு அடியில் நான்கு நாள் ஒடுங்கிக் கிடந்தார். அவரிடம் இருந்த உணவு இரண்டு பிஸ்கோத்துகளும் வீட்டம்மையார் அவசரத்தில் கையில் கொடுத்த சிறிது பழப்பாகும்தான். அவ்வீட்டை அலுவலருக்குக் காட்டிக்கொடுத்தவன், குடும்பத்தார் முழுதும் நம்பியிருந்த வேலையாள் ஒருவன்.

இனி ஹார்விங்டன் வீட்டு மறைவிடங்களுக்கு வருவோம். பெரிய படிக்கட்டின் உச்சியில், மேலே உள்ள நடைவழிக்கு ஏறிச்செல்லும் குறுகிய படிவரிசை ஒன்று உண்டு. அதில் இரண்டு படிகளைத் தூக்கினால் கீழே ஓர் ஒளிவிடம். மற்றோர் அறையில் ஒரு கணப்படுப்பு. அதன் செங்கற்கள் புகை படிந்தவைபோல் கருத்திருக்கும். உண்மையில் அதில் ஒருநாளும் நெருப்பு மூட்டியதில்லை. அதன் புகைபோக்கி வானத்திற்குச் செல்லாமல் கூரைக்கடியிலுள்ள பரணுக்குச் செல்கிறது. ஏறி மறைவதற்கான வழி அது. நூலக அறையிலோ இவற்றினும் நுட்பமான ஒன்று. செங்கற்சுவரில் செங்குத்தாகப் பதித்த கனத்த மரங்களுள் ஒன்று, மற்றவற்றைப் போலவே வீட்டைத் தாங்கி நிற்பதாகத் தோன்றும். அழுத்தினால் அச்சில் சுழன்று விலகும். அதன் பின்னே சுமார் 8 அடி நீளமும் 3 அடி அகலமும் 5 அடி உயரமும் உள்ள இருட்டறை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் யாரும் அறியாதிருந்த இதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டுபிடித்தவர்கள் அறிஞர் அல்லர். பாழடைந்த வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள்.

இவற்றுள் படிக்கட்டைச் சுற்றியுள்ளவை நிக்கோலாஸ் ஓவன் என்பவரின் கைவேலை என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். எழுத்தில் சான்று கிடையாது. கிடையாததில் வியப்பும் இல்லை. எழுதிவைக்கக்கூடிய வேலையா அது? ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்து தச்சுத்தொழில் கற்றவர் ஓவன். உருவத்தில் மிகச் சிறியவர். 'சின்ன ஜான்' என்றே அவரை அழைத்தனர். இயேசு சபையில் சகோதரராகச் சேர்ந்து, தலைவர் ஹென்றி கார்னெட் குருவுக்குப் பதினெட்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்தார். ஒரு வீட்டுக்குச் செல்வார். பகலில் எல்லாரும் காணப் பலகையோ நாற்காலியோ செப்பனிடுவார். இரவில் தனியாகச் சுவரைக் குடைவார். குடலிறக்க நோயுற்ற உடம்போடு, கல்லையும் மண்ணையும் ஒற்றை ஆளாகச் சுமந்தார். தேடுவோர் சுவர்களை உள்ளும் புறமும் அளந்து பார்ப்பர், பலகைகளைத் தட்டி ஓசை கேட்பர், சன்னல்களை எண்ணுவர் என்பதை அறிந்து, ஒரு வீட்டில் செய்த அமைப்பை மற்றொரு வீட்டில் செய்வதைத் தவிர்த்தார். ஒரு மறைவிடம் கண்டுபிடிக்கப்பட்டால் மற்றது தப்ப வேண்டும் என்பதே அவர் கணக்கு.

அவர் முடிவும் இதே ஊஸ்டர்ஷயரில்தான் தொடங்கியது. 1605 நவம்பரில் சில கத்தோலிக்க வாலிபர் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கத் திட்டமிட்டது வெளிப்பட்டது. அந்த மூடத்தனத்தின் பயனாகக் குருக்களைத் தேடும் வேட்டை கடுமையாயிற்று. 1606 ஜனவரியில் ஹிண்ட்லிப் மாளிகையை ஆட்கள் முற்றுகையிட்டுச் சுவர் சுவராகத் தேடினர். ஓவனும் ரால்ஃப் ஆஷ்லி என்னும் மற்றொரு சகோதரரும் ஒரு மறைவிடத்தில் இருந்தனர். இருவருக்கும் சேர்த்து உணவு ஓர் ஆப்பிள் பழம். நான்காம் நாள் இருவரும் தாமாகவே வெளிவந்தனர். தங்களைப் பிடித்ததோடு தேடுவோர் நிறைவுகொண்டு திரும்பிவிடுவர், வேறிடத்தில் ஒளிந்திருந்த கார்னெட்டும் ஓல்ட்கார்ன் குருவும் தப்புவர் என்பது அவர்கள் நம்பிக்கை. அது நிறைவேறவில்லை. அவ்விரு குருக்களுக்கும் பக்கத்து அறையின் புகைபோக்கிச் சுவர் வழியே ஒரு குழாயால் சூடான கஞ்சி ஊட்டிவந்தனர் வீட்டார். ஆனாலும் எட்டாம் நாள் அவர்கள் வெளிவர நேர்ந்தது. பசியினால் அன்று, அம்மறைவிடத்தில் கழிவறை வசதி இல்லாமையே காரணம். அது மட்டும் இருந்திருந்தால் மூன்று மாதங்கள்கூடத் தாங்கியிருக்கலாம் என்று கார்னெட் குருவே பின்னர் எழுதினார். அவர் அதை ஒளிக்காமல் எழுதியிருப்பதை நாம் மதிக்கிறோம். வேதசாட்சிகளின் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய செய்திகளைத் தள்ளிவிடுவது வழக்கம்.

ஓவனை இலண்டன் கோட்டைச் சிறைக்குக் கொண்டுபோயினர். நாடெங்கும் உள்ள மறைவிடங்களின் திறவுகோல் அந்தச் சிறிய மனிதரின் நினைவில் இருந்தது. குடலிறக்க நோயுள்ளவரைக் கையில் தொங்கவிட்டு வதைப்பது அக்காலச் சட்டத்திற்கே முரண். இருந்தும் வயிற்றில் இரும்புத் தகடு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டனர். 1606 மார்ச் மாதத்தில் அவ்வாதையிலேயே உயிர்நீத்தார். எந்த வீட்டின் மறைவிடத்தையும் அவர் சொல்லவில்லை. 1970 அக்டோபர் 25-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதராக உயர்த்திய நாற்பது வேதசாட்சிகளுள் இத்தச்சரும் ஒருவர். பழைய ஹிண்ட்லிப் மாளிகை பின்னாளில் இல்லாமற்போயிற்று. அந்த இடத்தில் எழுந்த புதிய மாளிகை அம்மாவட்டக் காவல்துறையின் தலைமையகம் ஆனது. காலத்தின் விளையாட்டு இது.

ஹார்விங்டனைக் கட்டிய ஹம்ப்ரி பாக்கிங்டன் 1631-இல் இறந்தார். அதன்பின் 1696 வரை, அறுபத்தைந்து ஆண்டுகள், முதலில் அவர் மனைவி அபிகெயிலும் பின்பு மகள் மேரி என்ற யேட் சீமாட்டியாரும் இவ்வீட்டை நடத்தினர். உள்நாட்டுப் போர் வந்தது. ஒரு மன்னர் தலை வெட்டுண்டார். குடியரசு வந்து போயிற்று. மறுபடியும் மன்னர் வந்தார். இரண்டு பெண்கள், ஒருவர்பின் ஒருவராக, அகழிக்கு நடுவே இருந்துகொண்டு விருந்தினருக்குக் கதவு திறந்தனர். கட்டியவர் பெயரைக் கல்லில் பொறிக்கும் உலகம், கட்டியதைக் காத்தவரை அத்தனை எளிதில் நினைப்பதில்லை.

அவர்கள் காலத்தில் இவ்வட்டாரத்தில் பணியாற்றியவர் பிரான்சிஸ்கன் சபைக் குரு ஜான் வால். 1678 டிசம்பரில், பக்கத்திலுள்ள ரஷக் என்னும் ஊரின் ஒரு வீட்டில் பிடிபட்டார். வந்தவர்கள் தேடியது வேறொருவரை, கிடைத்தவர் இவர். எந்தச் சதியிலும் பங்கில்லை என்பது தெளிவான பின்னும், குருவாக இருந்த குற்றத்திற்காக 1679 ஆகஸ்டு 22-ஆம் நாள் ஊஸ்டர் நகர்ப்புறத்தில் தூக்கிலிடப்பட்டார். இவரும் அந்த நாற்பதின்மருள் ஒருவர்.

யேட் சீமாட்டியாருக்குப் பின் வீடு திராக்மார்ட்டன் குடும்பத்தாரின் கைக்கு வந்தது. அவர்களுக்கு வேறு பெரிய மாளிகை இருந்தமையால் இதன் ஒரு பெரும் பகுதியை இடித்துவிட்டனர். ஆயினும் இங்கே குரு ஒருவரை இருத்தினர். சார்லஸ் டாட் என்ற புனைபெயரில் இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றை மூன்று பெரும் தொகுதிகளாக எழுதியவர் இங்கிருந்த குருவே. தொகுதிகள் பிரசெல்ஸ் நகரில் அச்சானதாக முகப்பில் பொய்யாகப் போட்டுக்கொண்டார். சுழலும் மரம் உள்ள நூலகத்திற்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

துணைக்கட்டடம் என்று தொடக்கத்தில் சொன்னோம் அல்லவா? இவ்வீட்டின் துணைக்கட்டடம் 1743-இல் தோட்டத்தில் எழுந்தது. கோபுரமோ மணியோ இல்லாத அக்கட்டடம் ஒரு கோவில். சட்டம் இன்னும் மாறவில்லை. ஆனால் அதை நடத்துவோரின் ஆவேசம் தணிந்திருந்தது. மாடியின் இருட்டிலும் தளப்பலகையின் அடியிலும் இருந்த திருப்பலி, படியிறங்கித் தோட்டத்திற்கு வந்துவிட்டது! 1825-இல் வீட்டின் அருகிலேயே முறையான ஆலயம் கட்டப்பட, பழைய கோவில் ஊர்ப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆயிற்று. 1829-இல் கத்தோலிக்கருக்குச் சட்டமும் உரிமை வழங்கியது.

சுதந்தரம் வந்தபின் மாளிகையைக் கவனிப்பார் இல்லை. ஆபத்துக் காலத்தில் உயிரைக் கொடுத்துக் காத்த வீட்டை, ஆபத்து நீங்கியதும் ஒழுகவிட்டனர். இதைப் படித்தபோது நமக்கு உண்மையாகவே வருத்தமாயிருந்தது. தட்டுமுட்டுகள் போயின; கூரை சிதைந்தது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெரிய படிக்கட்டையே பெயர்த்துத் திராக்மார்ட்டன் குடும்பத்தின் கோட்டன் மாளிகைக்குக் கொண்டுபோயினர். 1923-இல் எல்லன் பெரிஸ் என்னும் அம்மையார் எஞ்சியிருந்ததை விலைக்கு வாங்கி, பர்மிங்ஹாம் உயர்மறைமாவட்டத்திற்குக் கொடையாக அளித்தார். தம் பெயருக்கு எழுதிக்கொள்ளவில்லை. அதன்பிறகு பழுதுபார்ப்பு தொடங்கியது. 1936-இல் சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டியபோது, அதன் கீழ் எலிசபெத்து காலத்து ஓவியங்கள் வெளிப்பட்டன.

இன்று மாளிகை உயர்மறைமாவட்டத்தின் உடைமையாகவே இருந்துவருகிறது. திருப்பயணிகளும் பார்வையாளரும் வருகின்றனர். அகழியில் நீர் நிற்கிறது. கரையோரம் தோட்டம் இருக்கிறது. வருவோர் ஏறிச்செல்லும் பெரிய படிக்கட்டு பழையதன் அச்சாக மறுபடி செய்துவைத்தது. அதன் உச்சியில், நடைவழிக்கு ஏறும் குறுகிய படிவரிசைக்கு வந்ததும், வழிகாட்டி குனிந்து இரண்டு படிகளைக் கையால் தூக்கிக் காட்டுவார். பின்னே நிற்கும் சிறுபிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். கீழே இருட்டுத்தான் தெரியும்.